ஹெட்லைட் மட்டம் பார்க்க எது நல்லது: சுவரா, லேசரா, லென்ஸ் பெட்டியா?

லோ பீம் (எதிரே வருபவர் கண் கூசாதபடி தாழ்த்திய ஒளி) ஒழுங்காக இறங்கியிருக்கிறதா என்று பார்க்கப் பெரும்பாலும் மூன்று வழிகளைத்தான் கையாள்கிறார்கள். சுவரில் டேப் ஒட்டி அளப்பது ஒன்று, லேசர் மட்டத்தை வைத்துக் கோடு பிடிப்பது இன்னொன்று, பட்டறையில் விளக்குக்கு முன்னால் உருட்டி நிறுத்தும் லென்ஸ் பெட்டி மூன்றாவது. விலை கூடக் கூடத் துல்லியமும் கூடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் தரை கோணலாக இருந்தால் விலை உயர்ந்த பெட்டியும் தப்பாகவே காட்டும். தரை ஒழுங்காக இருந்து தூரமும் கிடைத்தால் வெறும் சுவரே போதும்.

முதலில் அளவு. பல கார்களில் விளக்கின் மேலோ பானட்டுக்குள்ளோ 1.0%, 1.2% என்று ஓர் எண் இருக்கும். ஒளி எவ்வளவு சாய்வாக இறங்க வேண்டும் என்பதற்கான எண் அது. சுவருக்கு உள்ள தூரத்தை மீட்டரில் எடுத்து இந்த எண்ணால் பெருக்கினால், கட்-ஆஃப் கோடு, அதாவது ஒளியும் இருளும் பிரியும் மேல் விளிம்பு, விளக்கின் நடுமட்டத்திலிருந்து எத்தனை செ.மீ. கீழே விழ வேண்டும் என்று கிடைத்துவிடும். 1.0% என்றால் 10 மீட்டரில் 10 செ.மீ., 1.2% என்றால் 5 மீட்டரில் 6 செ.மீ. எண்ணே கண்ணில் படாவிட்டால் காரின் கையேட்டைப் பார்க்கவும்.

தூரம் ஏன் முக்கியம்? தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் உள்ள விளக்கு 1% சாய்வில் 65 மீட்டர் வரை ரோட்டைக் காட்டும். இதைச் சுவரிலிருந்து 3 மீட்டரில் நிறுத்தி அளக்கும்போது ஒரே ஒரு செ.மீ. தவறினால், எட்டும் தூரம் 49 மீட்டராகச் சுருங்கும் அல்லது 97 மீட்டராக நீளும். முதலாவதில் நமக்குப் பாதை தெரியாது, இரண்டாவதில் எதிரே வருபவர் கண் கூசும். அதே ஒரு செ.மீ. பிழை 10 மீட்டரில் நேர்ந்தால் 59க்கும் 72க்கும் இடையில்தான் ஆடும். எந்த வழியை எடுத்தாலும் இந்தக் கணக்கை மனதில் வைக்க வேண்டும். சுவர் முறைக்கு 5 மீட்டருக்குக் குறைவான இடத்தை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். 7.5 முதல் 10 மீட்டர் கிடைத்தால் நிம்மதி.

மூன்றுக்கும் பொதுவான தயாரிப்பு இது. நான்கு டயரிலும் சரியான காற்று, டிக்கியில் வழக்கத்துக்கு மேல் சுமை இல்லாமை, ஓட்டுநர் இருக்கையில் ஒரு ஆள் அல்லது 75 கிலோ எடை. டேஷ்போர்டில் விளக்கை ஏற்றி இறக்கும் சக்கரம் இருந்தால் 0-வில் வைக்கவும். இதை மறந்து 2-லோ 3-லோ விட்டுவிட்டு மட்டம் வைத்தால், பிறகு யாரோ 0-வுக்குத் திருப்பும்போது ஒளி மரத்தின் மேல் அடிக்கும். காரின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இரண்டு மூன்று முறை அமுக்கி விட்டால் சஸ்பென்ஷன் தன் நிலைக்கு வந்துவிடும். திருகைத் தொடும் முன் பல்பையும் பாருங்கள். எச்4 (லோ பீம், ஹை பீம் இரண்டும் ஒன்றிலேயே உள்ள ஹாலோஜன்) பல்பின் மூன்று காதுகளும் பள்ளத்தில் சரியாக உட்காராவிட்டால் ஒளி சிதறும், எத்தனை திருகினாலும் அது சரியாகாது.

சுவர் முறைக்கு வருவோம். தரை துல்லியமாகக் கிடைமட்டமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது தேவையில்லை. நான்கு சக்கரமும் சுவரின் அடியும் ஒரே தளத்தில் இருந்தால் போதும். முழுத் தரையும் லேசாக ஒரே சீராகச் சரிந்திருந்தாலும் அளவு கெடாது. கெடுப்பது உடைந்த சரிவு: கார் நிற்கும் இடம் ஒரு வாட்டம், தண்ணீர் வடியச் சுவரோரம் வேறொரு வாட்டம். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் இதற்குப் போதுமானது. முன்சக்கரம், பின்சக்கரம், சுவரடி ஆகிய மூன்று இடங்களிலும் தண்ணீர் மட்டத்துக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்து, சரிவு ஒரே விகிதத்தில் போகிறதா என்று பார்க்கலாம்.

காரைச் சுவருக்கு நேராக நிறுத்தி, இரண்டு விளக்குகளிலிருந்தும் சுவருக்குள்ள தூரம் சமமா என்று அளக்கவும். விளக்கின் கண்ணாடியில் பல்புக்கு நேராக ஒரு சிறு புள்ளி வார்த்திருக்கும். தரையிலிருந்து அதன் உயரத்தை எடுத்துச் சுவரில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கணக்கிட்ட செ.மீ. கீழே இரண்டாவது டேப். ஒவ்வொரு விளக்குக்கும் நேரே ஒரு செங்குத்து டேப். அந்தி மங்கியதும் லோ பீமைப் போட்டு, ஒரு விளக்கின் முன் சற்றுத் தள்ளி அட்டையை நிறுத்தி மறைத்துவிட்டு மற்றதைப் பார்க்கவும். துணியைக் கண்ணாடி மேலேயே போர்த்த வேண்டாம், ஹாலோஜன் சூட்டில் பிளாஸ்டிக் கெடும்.

கட்-ஆஃபின் தட்டையான பகுதி கீழ் டேப்பில் உட்கார வேண்டும். கோடு மேலே வளையும் முனை செங்குத்து டேப்பை ஒட்டி நிற்க வேண்டும். இடதுபக்கம் ஓட்டும் நாடுகளுக்கான விளக்கில் வளைவு இடப்புறம் ஏறும், வலதுபக்கம் ஓட்டும் நாடுகளில் வலப்புறம். மாறி இருந்தால் அது அந்த ஊருக்கான விளக்கே அல்ல. விளக்கின் பின்னால் உள்ள திருகை ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அல்லது ஆலன் கீயால் கால் சுற்று கால் சுற்றாகத் திருகி, கடைசி அசைவு ஒளியை ஏற்றும் திசையில் முடியும்படி செய்யுங்கள். தாண்டிப் போனால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றி வாருங்கள். இல்லாவிட்டால் பல்சக்கரத்தில் உள்ள ஆட்டம் நாலு குண்டுகுழியில் மட்டத்தைக் கலைத்துவிடும். திருகு சுற்றியும் ஒளி அசையாவிட்டால் உள்ளே பிளாஸ்டிக் மூட்டு உடைந்திருக்கிறது, அழுத்திச் சுற்றி மிச்சத்தையும் உடைக்க வேண்டாம்.

லேசருக்கு எங்கே மதிப்பு? சுவரடி வேறு வாட்டத்தில் இருக்கும் இடத்தில். ஆனால் பெரும்பாலோர் கருவியைத் தானே மட்டம் பிடிக்கும் நிலையில் வைத்து, அந்தக் கிடைக்கோட்டை நம்பிவிடுகிறார்கள். கார் சரிவில் நின்றால் அந்தக் கோடு காருக்குச் சம்பந்தமில்லாதது. தானியங்கியைப் பூட்டிவிட்டு, கோடு முன் டயர் அருகிலும் பின் டயர் அருகிலும் தரையிலிருந்து சம உயரத்தில் ஓடும்படி கருவியைச் சாய்க்க வேண்டும். அப்போது சுவரில் விழும் கோடு காரின் தளத்துக்கு இணையானது, சுவரடி எப்படி இருந்தாலும் கவலையில்லை. தூரம் பற்றிய கணக்கை மட்டும் லேசரால் மாற்ற முடியாது. 3 மீட்டர் இடத்தில் லேசர் வைத்தாலும் 3 மீட்டர் 3 மீட்டர்தான்.

லென்ஸ் பெட்டி அந்தக் குறையைத் தீர்க்கிறது. விளக்குக்கு அரை மீட்டருக்குள் நின்றே, உள்ளிருக்கும் லென்ஸ் வழியாக 10 மீட்டருக்கு அப்பால் விழும் உருவத்தைத் திரையில் காட்டும். காரின் சாய்வு எண்ணைப் பெட்டியில் உள்ள சக்கரத்தில் அப்படியே வைக்கலாம், வேலை ஐந்து நிமிடம். ஆனால் அதுவும் தரையில்தான் உருள்கிறது. காரும் பெட்டியும் ஒரே தளத்தில் இல்லாவிட்டால் பிழை நேராக முடிவில் வந்து உட்காரும். தேய்ந்த, பள்ளம் விழுந்த தரையில் பெட்டியை உருட்டும் பட்டறையைவிட, நல்ல தளத்தில் 8 மீட்டர் சுவர் எங்களுக்கு மேல்.

விளக்கையோ பம்பரையோ கழற்றி மாட்டும் வேலை மட்டும்தான் என்றால் இன்னும் எளிய வழி உண்டு. கழற்றும் முன் சுவரில் விழும் கட்-ஆஃபை டேப்பால் குறித்து, டயர் நின்ற இடத்தையும் தரையில் குறியுங்கள். மாட்டியபின் அதே இடத்தில் நிறுத்தி அதே கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். தரை எவ்வளவு கோணலாக இருந்தாலும் இரண்டு முறையும் அதே கோணல் என்பதால் பாதிக்காது. பழைய மட்டம் தவறாக இருந்திருந்தால் அதையும் அப்படியே நகலெடுக்கும், அவ்வளவுதான்.

புரொஜெக்டர் (முன்னால் உருண்டை லென்ஸ் உள்ள) விளக்குக்குச் சுவர் மிகப் பொருத்தம், கோடு கத்தியாய் விழும். பழைய ரிஃப்ளெக்டரில் (கிண்ணக் கண்ணாடி ஒளியைத் திருப்பும் விளக்கு) கோடு மங்கலாகத் தெரியும், அங்கே பெட்டி கொஞ்சம் முந்தும். ஹாலோஜன் ரிஃப்ளெக்டரில் எல்இடி பல்பு மாட்டியிருந்தால் எந்த வழியும் உதவாமல் போகலாம். ஒளி கிளம்பும் இடம் பழைய இழையின் இடத்தோடு பொருந்தாதபோது கட்-ஆஃபே உருவாகாது, இறக்கி வைத்தாலும் மேலே சிதறும். முதலில் பல்பை மாற்றுங்கள்.

தானாக மட்டம் மாற்றும் விளக்கு, மேட்ரிக்ஸ் எல்இடி (தனித்தனியே அணையும் பல எல்இடிகள் கொண்ட விளக்கு) இவற்றில் மட்டும் திருகோடு நிற்காதீர்கள். சஸ்பென்ஷனில் உள்ள சென்சர் விளக்கை எந்த நிலையில் பிடித்திருக்கிறது என்று தெரியாமல் திருகினால், அடுத்த முறை வண்டி ஸ்டார்ட் ஆனதும் அது வேறு இடத்துக்குப் போகும். காரின் கணினியோடு பேசும் ஸ்கேனரை இணைத்து, விளக்கை அடிப்படை நிலைக்குக் கொண்டுவந்த பிறகே மட்டம். ஒளி திடீரென்று தரையைப் பார்த்துக் கிடந்தால், திருகைத் தொடும் முன் பின் அச்சருகே சென்சரின் சிறு கம்பி கழன்றிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.