ரோடு மேலே, வீடு கீழே: லெகோ ரோடு பிளேட்டை ஒரு நெடுஞ்சாலைக்காரர் அளந்து பார்த்தபோது

முப்பத்தொரு வருஷம் நெடுஞ்சாலைத் துறையில் இருந்து ரிட்டயர் ஆனவன் நான். மட்டம் பார்க்கும் டம்பி லெவலைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றது, எம்-புக் என்கிற அளவுப் புத்தகம் எழுதியது, ஆடிட்டுக்குப் பதில் சொன்னது எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். போன கோடை விடுமுறையில் பேத்தி வந்து, "தாத்தா, நீங்க ரோடு போடறவர்தானே? எனக்கு ஒரு ஊர் போட்டுக் குடுங்க" என்றாள். ஒன்பது வயது. மறுக்க முடியுமா?

ஊருக்கு ஏற்கெனவே ஒரு கட்டடம் இருந்தது. நியூஜெர்சியில் இருக்கும் மகன் அதற்கு முந்தைய வருஷம் கொண்டுவந்த லெகோ போலீஸ் ஸ்டேஷன், 10278ஆம் நம்பர், 2923 துண்டுகள். சூட்கேஸில் இடம் இல்லையென்று அட்டைப் பெட்டியை அங்கேயே கடாசிவிட்டு, பைகளையும் புத்தகத்தையும் மட்டும் துணிகளுக்கு நடுவில் சுருட்டிக்கொண்டு வந்திருந்தான். நடுவில் ஸ்டேஷன், ஒரு பக்கம் டோனட் கடை, இன்னொரு பக்கம் பேப்பர் கடை. கட்டிமுடிக்க எங்களுக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. ஆனால் ஸ்டேஷன் மட்டும் இருந்தால் ஊர் ஆகிவிடாது. ரோடு வேண்டும். அதனால் இந்த முறை அவன் வரும்போது வாங்கிவரச் சொன்னதுதான் நான் இங்கே எழுதப்போகும் சரக்கு: லெகோ சிட்டி ரோடு பிளேட்ஸ், 60304, மொத்தம் 112 துண்டுகள்.

இது வருவதற்கு முன்னால் லெகோவில் ரோடு என்றால் 32க்கு 32 குமிழ் அளவில் ஒரு மெல்லிய தகடு, மேலே தார் ரோடு அச்சிட்டிருக்கும். நேர் ரோடு, நாற்சந்தி, முச்சந்தி, வளைவு என்று தனித்தனித் தகடுகள். 2021இல் அதை விட்டுவிட்டு இந்தக் கனமான தட்டுகளுக்கு வந்துவிட்டார்கள். இப்போது பெரிய தட்டு 16க்கு 16. அங்கங்கே பள்ளம் விட்டு அதற்குள் குமிழ் வைத்திருக்கிறார்கள். அந்தப் பள்ளத்தில் டைல் என்கிற, மேலே குமிழில்லாத வெள்ளைத் துண்டைப் பதித்தால் நடுக்கோடு, ஜீப்ரா கிராஸிங். கருப்பைப் பதித்தால் வெறும் தார். அதாவது ரோடு மார்க்கிங்கை நாமே போடலாம், பிடிக்கவில்லையென்றால் பெயர்த்துவிட்டு வேறு மாதிரி போடலாம். இதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே பொறாமை வந்தது. ரோட்டில் உருக்கிப் போடும் தெர்மோபிளாஸ்டிக் கோடு தப்பாகப் போட்டுவிட்டால் அதைச் சுரண்டி எடுக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

லெகோக்காரர்கள் அந்தக் குமிழை ஸ்டட் என்கிறார்கள். எங்கள் துறையில் ஸ்டட் என்றால் ரோட்டில் பதித்து ராத்திரியில் மின்னும் கண். முதல் இரண்டு நாள் பேத்தியும் நானும் ஆளுக்கொரு பொருளில் பேசிக்கொண்டிருந்தோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போலீஸ் ஸ்டேஷனுக்கு முன்னால் ரோட்டைப் பதித்துவிட்டு, பழைய பழக்கத்தில் கண்ணைத் தட்டின் மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தேன். திக்கென்றது. நடைபாதைக்கு மேலே நிற்கிறது ரோடு.

நுணுக்கமாக அளக்கும் வெர்னியரை எடுத்தேன். லெகோவில் எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு ஸ்டட்டிலிருந்து அடுத்த ஸ்டட்டுக்கு 8 மில்லிமீட்டர். ஒரு செங்கல்லின் உயரம் 9.6. ஒற்றைத் தட்டு 3.2, மூன்று தட்டு சேர்ந்தால் ஒரு செங்கல். இந்த ரோடு பிளேட் இரண்டு தட்டு கனம், அதாவது 6.4. ஆனால் ஸ்டேஷன் உட்கார்ந்திருப்பது பேஸ்பிளேட் என்கிற மெல்லிய அடித்தகட்டில். அதன் கனமும் மேலே பதித்த டைலும் சேர்ந்து நடைபாதை நாலரை மில்லிமீட்டர்தான் வருகிறது. வித்தியாசம் சுமார் இரண்டு மில்லிமீட்டர். பொம்மை ஆளின் உயரம் நாலு சென்டிமீட்டர் என்று வைத்து நிஜ ஆளோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டால், ஒன்றுக்கு நாற்பத்திரண்டு ஸ்கேல். அப்படியானால் ரோடு நடைபாதையைவிட எட்டு சென்டிமீட்டர் உயரம். ஒரு மழை பெய்தால் தண்ணீர் நேரே டோனட் கடைக்குள் போகும்.

இதை நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நாங்கள் இருப்பது குரோம்பேட்டையில். 1994இல் வீடு கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் வாசலுக்கு வரவேண்டும். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பப் போட்டதில், இன்று தெருவிலிருந்து ஒரு படி இறங்கி வீட்டுக்குள் வருகிறோம். மில்லிங் செய்துவிட்டுப் போடுங்கள் என்று ஃபைலில் எழுதி எழுதிக் கை ஓய்ந்தவன் நான். என் வீட்டு மேஜையிலேயே அதே கதை என்றால் எப்படி?

மில்லிங் செய்ய வழியில்லை, பிளாஸ்டிக்கைச் சீவ முடியாது. அப்புறம் இருப்பது ஒரே வழி. இப்போது சென்னையில் பள்ளமாகிப்போன வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்களே, அதுதான். ஆனால் அதிலும் ஒரு சிக்கல். பேஸ்பிளேட்டின் அடிப்பக்கம் எதையும் பிடிக்காது. மற்றத் துண்டுகளுக்கு அடியில் குழாய் மாதிரி இருக்கும், அது குமிழைக் கவ்விக்கொள்ளும். பேஸ்பிளேட்டுக்கு அது கிடையாது. எனவே கீழே செங்கல் வைத்துப் பொருத்த முடியாது, சும்மா தூக்கி உட்காரவைக்கத்தான் முடியும். ஸ்டேஷனரி கடையில் ஐந்து மில்லிமீட்டர் கனத்தில் சன்போர்டு என்கிற லேசான பலகை ஒன்று வாங்கி, இருபத்தைந்தரை சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, ஸ்டேஷனுக்கு அடியில் கொடுத்தேன். இப்போது நடைபாதை ஒன்பதரை, ரோடு ஆறரைக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று மில்லிமீட்டர் கெர்ப், அதாவது நடைபாதை விளிம்பு. ஸ்கேலில் பதின்மூன்று சென்டிமீட்டர். நடைபாதை பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்கிறது ஐ.ஆர்.சி. (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) விதி. வேலை பாஸ்.

ஒரு வரிசையில் ஒரு கட்டடத்தைத் தூக்கினால் எல்லாவற்றையும் தூக்கவேண்டும், இதை மறக்கவேண்டாம். போலீஸ் ஸ்டேஷன் வகைக் கட்டடங்கள் பக்கவாட்டில் டெக்னிக் பின் என்கிற சின்ன முளையைப் போட்டு ஒன்றோடொன்று கோத்துக்கொள்பவை. 2007இல் கஃபே கார்னர் என்று முதலாவது வந்த நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. ஒன்று மட்டும் ஐந்து மில்லிமீட்டர் மேலே போனால் ஓட்டைகள் சேராது.

ரோட்டின் அகலத்தைப் பற்றி எனக்குக் குறை இல்லை. 12.8 சென்டிமீட்டர், ஸ்கேலில் ஐந்தரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. எங்கள் பாஷையில் இன்டர்மீடியட் லேன். ஒரு லேனுக்கு மேல், இரண்டு லேனுக்குக் கீழ். ஆறு ஸ்டட் அகலமுள்ள சாதாரண சிட்டி கார்கள் இரண்டு எதிரும் புதிருமாகத் தாராளமாகப் போகின்றன. ஸ்பீட் சாம்பியன்ஸ் என்ற வரிசையில் வரும் ரேஸ் கார்கள் மட்டும் 2020இலிருந்து எட்டு ஸ்டட் அகலமாகிவிட்டன. அவை இரண்டு வந்தால் கண்ணாடியோடு கண்ணாடி உரசும். எங்கள் தெருவில் கால் டாக்ஸியும் தண்ணி லாரியும் எதிரெதிரே வந்தாற்போல. பெட்டிப் படத்தில் வண்டிகள் வலப்பக்கம் போகின்றன, டென்மார்க் கம்பெனி. பேத்தி எல்லாவற்றையும் இடப்பக்கத்துக்கு மாற்றிவிட்டாள். நடுக்கோடு நாம் போடுவதுதான் என்பதால் தட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கேம்பர், அதாவது தண்ணீர் வடிய ரோட்டின் நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொடுக்கும் சரிவு, கிடையாது. தார் ரோட்டுக்கு இரண்டரை சதவீதம் வரை சரிவு கொடுப்போம், இது கேரம்போர்டு மாதிரி தட்டை. விளையாட்டுச் சாமான்தானே, விட்டுவிடலாம். ஆனால் ஸ்பீட் பிரேக்கரை விட மனம் வரவில்லை. விதிப்படி 3.7 மீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் உயரம், வண்டி ஏறி இறங்குவதே தெரியாமல் ஏறி இறங்கவேண்டும். ஸ்கேலில் கிட்டத்தட்ட ஒன்பது சென்டிமீட்டர் அகலத்துக்கு வரவேண்டியது. இதில் கொடுத்திருப்பது, ராத்திரியோடு ராத்திரியாக யாரோ சிமென்ட் குழைத்துத் தெருவில் கொட்டிவிட்டுப் போனது மாதிரி, குறுகலாக, செங்குத்தாக. பேத்திக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. காரை வேகமாக விட்டுக் கவிழ்த்துப் பார்க்கிறாள்.

பழைய தகட்டிலிருந்த அகன்ற வளைவு எனக்கு வந்த பெட்டியில் இல்லை. எல்லாம் செங்கோணம். ஊரைப் பெங்களூர் லேஅவுட் மாதிரி கட்டம் கட்டமாகப் போடத்தான் வரும், ஆறு வளையும் இடத்தில் ரோடும் வளைய வேண்டும் என்று ஆசைப்பட்டால் இது உதவாது.

ஒரு பெட்டி போதுமா? போதாது. 112 துண்டில் பாதிக்கு மேல் சிறுசிறு டைலும் செடியும் சிக்னலும் போர்டும்தான். ஒரு சந்திப்பும் அதைச் சுற்றிக் கொஞ்சமும் வரும். எங்கள் மேஜை ஆறடிக்கு மூன்றடி பிளைவுட். நீளவாக்கில் ஏழு கட்டடம் வரிசையாக நிற்கலாம். குறுக்கே, ஒரு வரிசை கட்டடம் 25.6, ரோடு 12.8, எதிர் வரிசை 25.6, ஆக 64 சென்டிமீட்டர். மிச்சம் இருபத்தேழு. அங்கே ரயில் விடவேண்டும் என்கிறாள். லெகோ தண்டவாளம் பதினாறு வளைவு சேர்ந்தால் ஒரு வட்டம், அந்த வட்டத்தின் குறுக்களவு 88 ஸ்டட், எழுபது சென்டிமீட்டர். அந்த இருபத்தேழுக்குள் வராது. "அப்ப டைனிங் டேபிளை எடுத்துக்கலாம்" என்றாள். சமையலறையிலிருந்து, "ஏங்க, நிலம் கையகப்படுத்தறதுக்கு முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும், ஞாபகம் இருக்கா?" என்று குரல் வந்தது. ரயில் திட்டம் பரிசீலனையில் இருக்கிறது.

பணத்துக்கு வருவோம். 2021இல் வந்தபோது அமெரிக்காவில் இதன் விலை இருபது டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. இங்கே இந்தியாவில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் இருபதிலிருந்து அறுபது சதவீதமாகி, 2023இல் எழுபதாகிவிட்டது. அதனால் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் தலையில் கட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

ஆசைப்பட்டு நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது பெட்டிக்குக் காத்திராமல், இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் "லெகோவோடு சேரும்" என்று போட்டிருந்த பேஸ்பிளேட் நாலு வாங்கினேன். விலை கால்வாசி. ஒன்றிரண்டு செங்கல் வைத்துப் பார்த்தால் கச்சிதமாகக் கவ்வியது. நீளமான சுவராக வைத்துக்கொண்டே போனால் இருபதாவது ஸ்டட்டில் இறுக்கம், முப்பதாவதில் செங்கல் நடுவில் வில்லாக வளைந்து எழும்புகிறது. ஒவ்வொரு ஸ்டட்டிலும் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு தப்பினாலே முப்பத்திரண்டில் அரை மில்லிமீட்டர் தாண்டிவிடும். டிராவர்ஸ் சர்வேயில் சின்னச் சின்ன அளவுத் தப்புகள் சேர்ந்து கடைசியில் கோடு மூடாமல் போவதை க்ளோசிங் எரர் என்போமே, அச்சு அசல் அதே. திருப்பி அனுப்பக் கேட்டேன், பதில் இல்லை. இப்போது அவை செடித்தொட்டிக்கு அடியில் தண்ணீர் பிடிக்கும் தட்டாக இருக்கின்றன. 1958இல் பேடன்டுக்கு விண்ணப்பித்த செங்கல்லும் இன்று வாங்கும் செங்கல்லும் ஒன்றையொன்று கவ்வும் என்கிறார்களே, அதற்குத்தான் அந்த விலை என்று அன்றைக்குப் புரிந்தது.

யார் வாங்கலாம்? குழந்தை காரை உருட்டி விளையாடத்தான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். தட்டு வழவழவென்று இருக்கிறது, பழைய தகடு மாதிரி விரித்தால் ஓரம் தூக்கிக்கொள்வதில்லை, கழற்றி ஷூ பெட்டிக்குள் போட்டு வைக்கலாம். பெரிய கட்டடங்கள் வைத்திருப்பவர்கள் கூடவே ஒரு சன்போர்டும் வாங்கிக்கொள்ளுங்கள். மேஜையை ஜன்னலோரம் போடவேண்டாம், வெயில் பட்டால் வெள்ளைத் துண்டுகள் பழுப்பேறும். ஃபேனுக்கு நேர் கீழேயும் வேண்டாம். டைல்கள் பறக்காது, ஆனால் குமிழ்களுக்கு நடுவில் தூசி படிந்தால் பெயின்ட் பிரஷ் வைத்துத்தான் எடுக்கவேண்டும். எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறை நகராட்சித் துப்புரவுப் பணி நடக்கிறது, பணியாளர் நான்தான்.

தெருவிளக்கைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். இருட்டில் ஒளிரும் துண்டு வைத்திருக்கிறார்கள் என்று பெட்டியில் படித்தும் நாங்கள் கண்டுகொள்ளவில்லை. ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்குக் கரென்ட் போனது. தெரு முழுக்கக் கும்மிருட்டு. மெழுகுவர்த்தியைத் தேடிக்கொண்டு வந்தால், மேஜைமேல் பச்சையாக இரண்டு பொட்டு. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஒன்று, சந்திப்பில் ஒன்று. பேத்தி மெழுகுவர்த்தியை ஏற்றவே விடவில்லை. "நம்ம ஊர்ல மட்டும் கரென்ட் இருக்கு தாத்தா" என்று கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷத்தில் அந்த வெளிச்சமும் மங்கியது.

மறுநாள் காலை அவள் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்ல முடியவில்லை. "கெர்ப் போட்டாச்சு. தண்ணி எங்க போகும்?" பெட்டியில் சிக்னல் உண்டு, விளக்கு உண்டு, செடிகூட உண்டு, வடிகால் இல்லை. இப்போது ஒன்றுக்கு இரண்டு அளவில் கம்பி கம்பியாக இருக்கும் கிரில் டைல்களைக் கெர்ப் ஓரமாக ஆறு ஸ்டட்டுக்கு ஒன்று என்று பதித்துவருகிறோம். கையிலிருந்தது பதினொன்று. இரண்டு பக்கமும் சேர்த்து இன்னும் முப்பத்து நாலு வேண்டும். எஸ்டிமேட் போட்டு நியூஜெர்சிக்கு அனுப்பியிருக்கிறேன், சாங்ஷன் வரவில்லை.