டம்ளரைத் தனியாக வைத்தோம், நகவெட்டியை மறந்தோம்: கர்ப்பகால ஹெபடைட்டிஸ் பி கவனிப்பு, என் அனுபவம்

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஐந்துக்கு நாலு ஸ்டார். அதற்கு முன்னால் போன தனியார் நர்சிங் ஹோமுக்கு ஒன்று, அதுவும் ஏ.சி. நன்றாக வேலை செய்ததற்காக.

வேலூரில் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? 1900-ல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கு வங்காளத்திலிருந்து ரயிலேறி வருகிறார்கள், அந்தப் பக்கம் சாப்பாட்டுக் கடை போர்டெல்லாம் வங்காள எழுத்துதான். நாங்கள் இருப்பதோ ஒரு மணி நேர டவுன் பஸ் தூரத்தில். மூன்றாம் மாசம், தெரிந்தவர் சொன்னார் என்று டவுனில் ஒரு நர்சிங் ஹோமில் ஃபைல் போட்டோம். ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்த அன்று, கூட்டமாக உட்கார்ந்திருந்த ஹாலில் என் பெயரைச் சொல்லி "பி பாசிட்டிவ், தனியா நில்லும்மா" என்றார் அங்கே வேலை பார்க்கும் பெண். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் ரத்தத்தில் இருக்கிறது என்று அர்த்தம். பக்கத்திலிருந்த பாட்டி, பிளட் குரூப் என்று நினைத்து "நல்ல குரூப்தான் பாப்பா" என்றது. ஃபைல் மேல் சிவப்பு ஸ்கெட்சில் பெரிய வட்டம். சிசேரியன்தான் செய்யணும், தனி ரூம், அதற்குத் தனி பில், மொத்தம் ஐந்து நிமிஷத்தில் பேசி முடித்துவிட்டார்கள். இந்தத் தொற்று இருக்கிறது என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் என் டம்ளரில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துத் தனியாக எடுத்து வைத்தார். கோபமாக இல்லை, பயத்தில். "இது எப்படிடி வந்துச்சு உனக்கு" என்று கேட்டதுதான் வலித்தது.

அப்புறம்தான் கிராம சுகாதார செவிலியர் வந்தார். தாய் சேய் அட்டையைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், மாமியாரிடம் கேட்டார்: "டம்ளரைத் தனியா வச்சிட்டீங்க, சரி. நகவெட்டி எத்தனை இருக்கு வீட்டுல?" ஒன்றுதான். சாவிக்கொத்தோடு ஆணியில் தொங்கும், ஆறு பேருக்கும் அதேதான். இது ரத்தம் வழியாகப் பரவும், தாம்பத்தியம் மூலம் பரவும், பிரசவத்தில் குழந்தைக்குப் போகும், காய்ந்த ரத்தத்தில் கூட ஏழு நாள் தாங்கும். ஒரே தட்டில் சாப்பிட்டால், கட்டிப்பிடித்தால் ஒன்றும் ஆகாது என்றார். பிளேடு, டூத் பிரஷ், நகவெட்டி, இவைதான் தனித்தனியாக இருக்கணுமாம். எப்படி வந்தது என்ற கேள்விக்கும் அவரே பதில் சொன்னார். பலருக்குப் பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்து, ஒரு தொந்தரவும் இல்லாமல் உடம்பில் இருந்துகொண்டே இருக்கும். நான் 1997-ல் பிறந்தவள், நாடு முழுக்க அரசுத் தடுப்பூசி அட்டவணையில் இந்த ஊசி சேர்ந்தது 2011-ல். மாமியார் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் புது நகவெட்டி வந்தது, டம்ளர் பழைய இடத்துக்குப் போனது, புள்ளி மட்டும் இன்னும் இருக்கிறது.

சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாள். டாக்டரம்மா நிதானமாகப் பேசினார். கதவைச் சாத்திவிட்டு! வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுத்தார்கள், நெகட்டிவ், மூன்று டோஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கு வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ரத்தம் அனுப்பினார்கள். ஒரு மில்லிக்கு இரண்டு லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தால் குழந்தைக்குப் போடும் ஊசிகள் மட்டும் சில நேரம் போதாதாம், அதனால் ஏழாம் மாசத்திலிருந்து தாய்க்குத் தினம் ஒரு டெனோஃபோவிர் என்ற வைரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரை. எனக்கு மேலே இருந்தது, மாத்திரை ஆரம்பித்தார்கள். பரிசோதனை, மாத்திரை எதற்கும் பணம் இல்லை, 2018-ல் தொடங்கிய தேசியக் கல்லீரல் அழற்சித் தடுப்புத் திட்டத்தில் வருகிறது.

நடுவில் சித்தி கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்தார். கீழாநெல்லி கொடுத்ததில் பலருக்கு இந்த வைரஸ் போய்விட்டது என்று 1988-ல் சென்னையில் நடந்த ஆய்வு பற்றி வாட்ஸ்அப்பில் வந்ததையும் காட்டினார். உண்மைதான், அது லான்செட் மருத்துவ இதழிலேயே வந்தது. ஆனால் அப்புறம் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. மாத்திரையை நிறுத்தாதே என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னதால் சித்தியின் கிண்ணம் வாழை மரத்தடிக்குப் போனது.

சரி, முக்கியமான விஷயம். குழந்தை பிறந்ததும் இரண்டு ஊசி: ஒன்று தடுப்பூசி, இன்னொன்று இம்யூனோகுளோபுலின், அதாவது வைரஸை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் பொருள். இரண்டையும் பன்னிரண்டு மணி நேரத்துக்குள், இரண்டு தொடையில் தனித்தனியாகப் போட்டாகணும். ஒன்றும் செய்யாமல் விட்டு, பிறக்கும்போதே தொற்றிய குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும், பிற்காலத்தில் கல்லீரல் சுருக்கம், புற்றுநோய் வரை போகலாம். செவிலியர் ஒன்பதாம் மாசமே வீட்டுக்காரரைப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஃபிரிட்ஜில் அந்த இரண்டாவது ஊசி இருக்கிறதா என்று கேட்டு வரச் சொன்னார். எனக்கு வலி வந்தது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, அந்த நேரத்தில் யாரைப் போய்க் கேட்பது? சுகப் பிரசவம்தான், விடிகாலை 5.10-க்குப் பெண் குழந்தை, ஆறரைக்குள் இரண்டு தொடையிலும் பஞ்சு. தாய்ப்பாலும் கொடுக்கலாம் என்றார்கள், கொடுத்தேன்.

அப்புறம் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாசத்தில் பென்டா ஊசி, இந்தத் தடுப்பூசியும் அதில் அடக்கம். பத்தாம் மாசம் ரத்தம் எடுத்தார்கள்: தொற்று இல்லை, எதிர்ப்புச் சக்தி இருக்கிறது.

ஒரு ஸ்டார் குறைத்தது வைரல் லோடு ரிப்போர்ட்டுக்காக. மூன்று வாரம் ஆனது, ஏழாம் மாசம் நெருங்க நெருங்க நாங்கள்தான் போன் மேல் போன் போட்டோம். அப்புறம், ரத்தம் எடுக்கும் அறைக்குப் போர்டு கிடையாது. மருந்து கொடுக்கும் ஜன்னலைத் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி இருக்கிறது. ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள்.