தீராத வாய்ப்புண் உள்ள பூனைக்கு ரெகவரி டின் வாங்கலாமா?

ராயல் கேனின் ரெகவரி, நோயிலிருந்தும் அறுவை சிகிச்சையிலிருந்தும் தேறிவரும் நாய், பூனைகளுக்கான டின் உணவு. நாள்பட்ட ஈறு, வாய் அழற்சி உள்ள பூனைக்கு இதைச் சிபாரிசு செய்ய முக்கியக் காரணம் அதன் பதம்தான். துண்டு, நார் எதுவும் இல்லை. விரலால் நசுக்கினால் பிசிறு தட்டாது. கடைவாய்க்குப் பின்னால் சிவந்து புண்ணாகிக் கிடக்கும் பூனை இதை மெல்லாமலே நக்கி விழுங்கிவிடும்.

இந்தப் பூனைகளுக்குப் பெரும்பாலும் பசி இருக்கும். தட்டுவரை ஓடி வரும், முகரும், ஒரு வாய் எடுத்ததும் சீறிக்கொண்டு பின்வாங்கும். ருசி பிடிக்கவில்லை என்று நினைத்து பிராண்டு பிராண்டாக மாற்றுகிறோம். அதற்கு வலிக்கிறது, அவ்வளவுதான்.

4 கிலோ பூனைக்குச் சும்மா இருக்கவே நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 கிலோ கலோரி வேண்டும். 195 கிராம் டின் ஒன்று அதற்குப் போதும். நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் இறுகிவிடும். கிண்ணத்தை வெந்நீரில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு ஸ்பூனுக்கு ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான நீர் சேர்த்துக் குழைக்கவும். மைக்ரோவேவ் வேண்டாம்: ஓரிடம் ஆறியிருக்கும், இன்னோரிடம் கொதிக்கும். தட்டையான சாஸரில் வைத்தால் வாயோரம் இடிக்காது. மணத்துக்காக வெங்காயம், பூண்டு போட்ட சிக்கன் சூப்பை ஊற்றாதீர்கள். அவை பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

சிரிஞ்சில் ஏற்ற இந்தப் பதம் தோதுதான். ஆனால் வாயைத் திறப்பதே வேதனையாக இருக்கும் பூனைக்கு வலுக்கட்டாயமாக ஊட்டினால், அந்த உணவையே வெறுத்துவிடும். ஒரு நாள் முழுக்க எதுவும் சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம் போய்விடுங்கள். பட்டினி நீண்டால் கல்லீரலில் கொழுப்பு படியும். தேவைப்பட்டால் அவர் உணவுக்குழாயில் டியூப் வைப்பார். வலிக்கென்று பாராசிட்டமால் துளிகூடக் கொடுக்காதீர்கள். பூனைக்கு அது உயிர்க்கொல்லி.

இந்த டின் புண்ணை ஆற்றாது. பல்லில் படியும் கிருமிப் படலமான பிளேக்குக்கு எதிராக உடலின் எதிர்ப்புச் சக்தி அளவுமீறிப் பொங்குவது இந்த நோயில் பெரிய பங்கு வகிக்கிறது. அதனால்தான் கடைவாய்ப் பற்களை, சிலவற்றுக்கு எல்லாப் பற்களையும், பிடுங்குகிறார்கள். சுமார் மூன்றில் இரண்டு பங்கு பூனைகள் அதில் நன்றாகத் தேறுகின்றன, சிலவற்றுக்கு மாதக்கணக்கில் ஆனாலும். பல் சுத்தத்துக்கென்று விற்கும் பெரிய கிபிள் (உலர் உணவு மணிகள்) இங்கே வேலைக்காகாது. அது கடித்து மென்றால்தானே பல்லைத் தேய்க்கும்?

உணவு ஒவ்வாமை என்று சந்தேகம் வந்தால் ஹைட்ரலைஸ்டு புரத உணவைப் பார்க்கலாம். அதில் புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்திருப்பார்கள். குறைந்தது 8 வாரம், அது ஒன்று மட்டும். அந்த நாட்களில் ரெகவரிக்கு இடமில்லை, இதில் இருப்பது உடைக்காத சாதாரணப் புரதம். உலர் வகையானால் வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்குங்கள். வீட்டில் நாலு பூனை இருந்தால் இந்தச் சோதனை பெரும்பாலும் பக்கத்துத் தட்டில்தான் கெடும்.

மாதக்கணக்கில் டின் வாங்குவது கட்டுப்படியாகாது. வலி அடங்கியதும் ‘கம்ப்ளீட்’ (முழுச் சத்துணவு) என்று அச்சிட்ட சாதாரண ஈர உணவுப் பவுச்சை வெந்நீர் விட்டு மிக்ஸியில் அடித்தால் ஏறக்குறைய இதே பதம் வரும். சட்னி ஜாரை மட்டும் தவிர்த்து, அதற்கென்று தனி ஜார் வைத்துக்கொள்ளுங்கள்.