டவுன் கட்பீஸ் கடையில் எடுத்த காம்ப்ரிக் துணியும் கையில்லாத டாப்ஸும்

வீட்டில் தையல் மிஷின் வைத்திருப்பவர்கள் துணி எடுக்க எங்கே போகலாம் என்று கேட்டால், திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோயில் ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சிறிய தெருவில் இருக்கும் கட்பீஸ் கடையைத்தான் நான் முதலில் சொல்வேன். பெரிய ஜவுளிக் கடைகளில் எத்தனை மீட்டர் வேண்டும் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இங்கே என்ன தைக்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் துணியை விரிக்கிறார்கள்.

கத்திரி வெயிலுக்கு வீட்டில் போட்டுக்கொள்ளக் கையில்லாத டாப்ஸ் ஒன்று தைக்க வேண்டும் என்று நான் சொன்னதும், கல்லாவில் இருந்த அண்ணாச்சி, "கை இல்லன்னா ஒண்ணரை மீட்டர் போதும்மா, ரெண்டு எடுத்து வீணாக்காதீங்க" என்றார். அவர் சொன்ன கணக்கு சரியானது. 44 அங்குல அகலத் துணியில், 36 அங்குல மார்புச் சுற்றளவுக்கு, தையலுக்கும் தளர்வுக்கும் சேர்த்து முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் 22 அங்குல அகலத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக வெட்டிய பிறகும், பக்கவாட்டில் மிஞ்சும் நீளத் துண்டு கழுத்துக்கும் கைக்குழிக்கும் வேண்டிய, மூலைவாக்கில் வெட்டும் கிராஸ் பீஸ் என்ற பட்டிகளுக்குத் தாராளமாகப் போதும். அதிகமாக விற்க வாய்ப்பிருந்தும் குறைத்துச் சொல்லும் கடைக்காரரை எனக்குப் பிடிக்கிறது.

அந்தக் கடையில் நான் மிகவும் மதிப்பது, அவர்கள் துணியைப் பிரிக்கும் விதம். கத்தரிக்கோலால் கரையில் சிறிதாக ஒரு வெட்டு மட்டும் வைத்துவிட்டு, மீதியைக் கையால் ஒரே இழுப்பில் கிழிக்கிறார்கள். பருத்தித் துணி குறுக்கு நூலை ஒட்டியே கிழியும் என்பதால் ஓரம் நேராக வரும். அச்சடித்த டிசைன் நூலோட்டத்துக்குச் சாய்ந்திருந்தால் அந்த ஓரத்திலேயே தெரிந்துவிடும். நூல் சாய்ந்த துணியில் தைத்த டாப்ஸ், துவைத்த பிறகு பக்கத் தையல் முன்பக்கமாகத் திரும்பி, எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் நேராக நிற்பதில்லை. நான் முதலில் எடுத்த துணியில் பூக்கொடி சாய்ந்து தெரிந்ததும், கடைப் பையன் தானாகவே அதை ஒதுக்கிவிட்டு வேறு கட்டு எடுத்துத் தந்தான்.

மீட்டர் 140 ரூபாய்க்கு வாங்கிய அந்த அரக்கு நிறக் காம்ப்ரிக் (நெருக்கமாக நெய்த பருத்தித் துணி), வெட்டுவதற்கு முன் ஊறவைத்தபோது கொஞ்சம் சாயம் விட்டது, அடுத்த அலசலில் நின்றுவிட்டது. நீளத்தில் ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் சுருங்கியது. பருத்திக்கு இது இயல்புதான் என்றாலும், நனைக்காமல் வெட்டியிருந்தால் அந்தச் சுருக்கம் கைக்குழியில் வந்து இறுக்கியிருக்கும். தைப்பதற்கு மிக இணக்கமான துணி இது. கையில்லாத டாப்ஸில் கைக்குழியை, கை வைத்த டாப்ஸைவிட அரை அங்குலம் மேலே ஏற்றித்தான் வரைய வேண்டும். இல்லையென்றால் கையைத் தூக்கும்போது உள்ளாடை தெரியும். அந்த வளைவில் துணி சற்று மூலைவாக்கில் வருவதால், ரேயான் போன்ற வழவழப்பான துணி துணியை நகர்த்தும் மிஷினின் பற்களில் இழுபட்டு வாய் பிளந்துவிடும். காம்ப்ரிக் அப்படி நகரவில்லை. வளைவை ஒட்டி ஒரு வரித் தையல் ஓட்டிவிட்டு, ஒன்றேகால் அங்குல அகலத்தில் வெட்டிய கிராஸ் பீஸை வைத்துத் தைத்து, விளிம்பில் சின்னச் சின்ன வெட்டுகள் கொடுத்து உள்ளே மடித்தபோது, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் படிந்தது. மிக மெல்லிய மல் துணி இதைவிடக் குளிர்ச்சிதான். ஆனால் அதற்கு லைனிங் கொடுக்க வேண்டியிருப்பதால், புதிதாகத் தைக்கப் பழகுபவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

குறைகளும் உண்டு. அங்கே விற்கும் ஆயத்தக் கிராஸ் டேப் விறைப்பான பாலியஸ்டர். அக்குளில் வியர்வையோடு உரசி அரிக்கும், அதை வாங்க வேண்டாம். குழல் விளக்கு வெளிச்சத்தில் அரக்கும் காப்பிக் கொட்டை நிறமும் ஒன்றுபோலத் தெரிவதால், துணியை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்த்துவிடுவது நல்லது. கேட்டால் முகம் சுளிக்காமல் அனுமதிக்கிறார்கள். கிழித்த துணியைத் திரும்ப வாங்குவதில்லை, அது நியாயமே. நூல்கண்டு, ஊசி, சாக்பீஸ் எல்லாம் அங்கேயே கிடைக்கின்றன. இந்தத் துணிக்கு 14-ஆம் எண் ஊசி போதும்.

வண்டி நிறுத்த இடம் கிடையாது. ஆனித் தேரோட்டத்தின்போதும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் ரத வீதிகளில் நடக்கவே முடியாது என்பதால், சாதாரண வார நாளில் கடை திறந்ததும் போய்விட்டால், அண்ணாச்சியிடம் அளவைச் சொல்லி நிதானமாகத் துணி எடுக்கலாம்.