கரீபியன் கப்பல் பயணத்தில் ஸ்கூபா: கப்பலிடம் பதிவு செய்வதா, தீவின் டைவ் கடையைப் பிடிப்பதா?

கப்பல் நிறுவனம் விற்கும் டைவ் சுற்றுலாவைப் பொதுவாகக் கப்பல் நிறுவனமே நடத்துவதில்லை. அந்தத் தீவில் இருக்கும் ஏதோ ஒரு டைவ் கடைதான் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு படகையும் வழிகாட்டியையும் அனுப்புகிறது. அதனால் "யாரிடம் போனால் நல்ல டைவ் கிடைக்கும்" என்று கேட்பதில் பெரிய பொருளில்லை. தாமதமானால் நட்டம் யார் தலையில் விழும், நம்மோடு தண்ணீரில் யார் யார் இறங்குவார்கள், கரைக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்ற மூன்றும்தான் வித்தியாசம். மூன்றுக்கும் விடை ஊருக்கு ஊர் மாறும். ஏழு நாள் பயணத்துக்கு மொத்தமாக ஒரே வழியைத் தேர்ந்துவிட்டு, நாலு துறைமுகத்தில் இரண்டில் சிக்கிக்கொள்வதுதான் வழக்கமான கதை.

கப்பலிடம் வாங்கினால்

முதல் லாபம், கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். படகு எஞ்சின் பழுதாகி ஒரு மணி நேரம் பிந்தினாலும், கப்பலின் சொந்தச் சுற்றுலாவில் போனவர்களை விட்டுவிட்டுக் கிளம்ப மாட்டார்கள். தனியாகப் போனவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் விமானம் பிடித்துப் போய்ச் சேர வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டில் வருகிறவருக்கு இது பணப் பிரச்சினையோடு நிற்காது. பாஸ்போர்ட் கப்பல் அறையின் பெட்டகத்தில் இருக்கும், அவர் தீவில் நீச்சலுடையோடு நிற்பார், அமெரிக்காவுக்குத் திரும்ப வேண்டிய விசா அந்தப் பாஸ்போர்ட்டில் இருக்கும். தனியாகப் போகிறவர் அதை நீர் புகாத பையில் போட்டுக் கையோடு கொண்டுபோவது நல்லது.

இரண்டாவது லாபம், கப்பல் ஒரு ஊரைத் தவிர்த்துவிட்டால் பணம் தானாகவே கணக்குக்குத் திரும்பிவிடும். ஜூன் முதல் நவம்பர் வரையான புயல் காலத்தில் இது பெரிய நிம்மதி. மூன்றாவது, கப்பல் துறையில் கட்டாமல் கடலிலேயே நிற்க, டெண்டர் என்ற சிறு படகில் கரைக்குப் போக வேண்டிய ஊர்களில் கப்பலின் சுற்றுலாக்காரர்களை முதலில் இறக்குவார்கள்.

நட்டம் தண்ணீருக்குள் தெரியும். இருபது பேர் வரும் படகில் ஐந்நூறு டைவ் போட்டவரும் இருப்பார், போன வருடம் சான்றிதழ் வாங்கி அதோடு விட்டவரும் இருப்பார். வழிகாட்டி இருவருக்கும் பொதுவான இடத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பெரும்பாலும் அது ஆழம் குறைந்த, நீரோட்டம் குறைந்த, எல்லாரும் போய்ப் போய்த் தேய்ந்த பவளப்பாறையாகத்தான் இருக்கும். காற்றை வேகமாகத் தீர்க்கிறவர் முப்பதாவது நிமிடம் மேலே வந்தால் மொத்தக் குழுவையும் மேலே கூப்பிடும் படகுகளும் உண்டு. பதிவு செய்யும் முன் கப்பலின் சுற்றுலா மேசையில் கேட்டுப் பார்க்கலாம். இதற்கெல்லாம் அங்கே விடை கிடைப்பது அரிது.

சான்றிதழ் அட்டையோடு, கடைசி டைவ் எப்போது என்றும் கேட்பார்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் பல சுற்றுலாக்களில் ஏற்ற மாட்டார்கள். கிளம்பும் முன்பே உள்ளூர் நீச்சல்குளத்தில் ஒரு மறுபயிற்சி போட்டுப் பதிவேட்டில் முத்திரை வாங்கிக்கொள்வது மலிவு.

தீவின் கடையை நேரடியாகப் பிடித்தால்

ஆறிலிருந்து எட்டுப் பேருக்கு ஒரு வழிகாட்டி, அனுபவத்துக்கேற்ற இடம், சொன்னால் நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று). டைவ் என்பதற்காகவே கப்பலேறியவருக்கு இதுதான் வழி. விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் ஒப்பிடும்போது கணக்கைச் சரியாகப் போட வேண்டும். கப்பலின் விலையில் வாடகைக் கருவியும் போக்குவரத்தும் சேர்ந்திருக்கலாம். கடை சொல்லும் விலை இரண்டு சிலிண்டருக்கும் மூழ்க உதவும் எடைக்கட்டிக்கும் மட்டுமாக இருக்கலாம், அதன்மேல் பி.சி.டி. (காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் சட்டை), ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் கருவி) வாடகை, கடல் பூங்காக் கட்டணம், போக வர டாக்சி, படகுக்காரருக்கு டிப்ஸ். இதையெல்லாம் கூட்டியபின் வித்தியாசம் பத்துப் பதினைந்து டாலராகச் சுருங்கிவிடுவதும் உண்டு. சொந்தக் கருவி கொண்டுபோகிறவருக்குத்தான் லாபம் அதிகம்.

கடைக்கு எழுதும் முதல் மின்னஞ்சலிலேயே இவற்றைப் போட்டுவிட வேண்டும்: கப்பலின் பெயர், தேதி, எந்த இறங்குதுறை, வந்து சேரும் நேரம், எல்லாரும் ஏறியிருக்க வேண்டிய நேரம், சான்றிதழ் நிலை, மொத்த டைவ் எண்ணிக்கை, கடைசி டைவ் தேதி, உயரம், எடை, காலணி அளவு. கூடவே இரண்டு கேள்விகள்: கப்பல் அந்த ஊரில் நிற்காமல் போனால் முன்பணம் திரும்புமா? எங்கள் கப்பல் நேரத்துக்கு ஒத்த படகு இருக்கிறதா? இரண்டாவது கேள்வி முக்கியம். தீவில் தங்கியிருப்பவர்களுக்கான காலைப் படகு எட்டு மணிக்கே கிளம்பிவிடும். எட்டு மணிக்குக் கட்டும் கப்பலில் இருப்பவர் அதைப் பிடிக்கவே முடியாது. கப்பல் பயணிகளுக்கென்று ஒன்பதரை, பத்து மணிக்குத் தனிப் படகு விடும் கடைதான் வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது: எதையும் பதிவு செய்யாமல் இறங்கி, துறையில் பலகை பிடித்து நிற்பவரோடு போவது. ஸ்நார்கல் என்றால் பரவாயில்லை. ஸ்கூபாவுக்கு வேண்டாம்.

நேரக் கணக்கு

இரண்டு சிலிண்டர் டைவ் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பார்ப்போம். கப்பல் 8:00-க்குக் கட்டுகிறது. இறங்க அனுமதி 8:30. கடைக்குப் போய்ப் படிவம் நிரப்பி, கருவி மாட்டிப் பார்த்து, 9:30-க்குப் படகு. முதல் டைவ் 10:15 முதல் 11:05. மேற்பரப்பில் ஒரு மணி நேர இடைவெளி. இரண்டாவது டைவ் 12:05 முதல் 12:55. கரைக்கு 1:30 அல்லது 1:45. ஏறும் நேரம் 4:30 என்றால் இரண்டே முக்கால் மணி நேரம் கையில் இருக்கிறது. ஏறும் நேரம் 2:30 என்றால் முக்கால் மணி நேரம்தான். அந்த ஊரில் கப்பலின் சுற்றுலாவையே வாங்கிக்கொள்ளலாம், அல்லது ஒரே ஒரு டைவோடு திரும்பலாம். தனியாகப் போகிறவர் கரையில் இரண்டு மணி நேரமாவது மிச்சம் வைப்பது நல்ல வரம்பு. கப்பல் கிளம்பும் நேரமும் ஏறியிருக்க வேண்டிய நேரமும் ஒன்றல்ல. பின்னது பொதுவாக அரை மணி நேரம் முந்தியது, சில இடங்களில் ஒரு மணி நேரம்.

கப்பலைத் தவற விடுகிறவர்களில் பலரைக் கவிழ்ப்பது கடல் அல்ல, கைபேசி. கோசுமெல் இருக்கும் கிந்தானா ரோ மாநிலம் 2015 முதல் ஆண்டு முழுதும் யு.டி.சி. -5-இல், அதாவது உலகப் பொது நேரத்துக்கு ஐந்து மணி பின்னால் இருக்கிறது. கோடையில் ஃபுளோரிடா -4. மயாமியில் கிளம்பிய கப்பல் தன் நேரத்தை மாற்றாமல் வைத்திருந்தால், கப்பலில் 4:30 ஆகும்போது தீவில் 3:30தான். கைபேசி தானாகத் தீவு நேரத்துக்கு மாறிவிடும். அதில் 4:30 பார்த்துத் துறைக்கு வருகிறவருக்குக் கப்பலின் புகைதான் தெரியும். டெக்சஸின் கால்வெஸ்டனில் கிளம்பும் கப்பலுக்குக் குளிர்காலத்தில் நிலைமை தலைகீழ்: கப்பல் -6, தீவு -5. இங்கே கப்பல் தவறாது, டைவ் படகு தவறும். கடை சொன்ன ஒன்பது மணி கப்பலில் எட்டு மணி. ரோவாத்தான் இருக்கும் ஹோண்டுராஸ் எப்போதும் -6. கோடையில் ஃபுளோரிடாக் கப்பலோடு இரண்டு மணி வித்தியாசம் வரலாம். சில கப்பல்கள் ஊருக்கு ஊர் நேரத்தை மாற்றும், சில மாற்றாது. கைபேசியின் தானியங்கி நேரத்தை நிறுத்திவிட்டு, மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரைக் கப்பல் நேரத்துக்கு வைத்து, கடையிடம் "இது எந்த நேரம்" என்று எழுத்தில் கேட்டு வாங்கினால் தீர்ந்தது.

ஊர் வாரியாக

கோசுமெலில் தனிக் கடைதான். கப்பல் நேரே துறையில் கட்டும், துறைகள் மூன்று. புந்தா லங்கோஸ்தா ஊருக்குள்ளேயே, மற்ற இரண்டும் டாக்சியில் சில நிமிடம். எந்தத் துறை என்று தெரிந்தால் பக்கத்துப் படகுத்துறையிலேயே ஏற்றிக்கொள்ளும் கடையைப் பிடிக்கலாம். பலங்கார், சாந்தா ரோசா பாறைச்சுவர் எல்லாம் நீரோட்டத்தோடு மிதந்து போகும் டைவ்கள். இறங்கிய இடத்தில் ஏறுவதில்லை, படகு பின்தொடர்ந்து வந்து எடுக்கும். பெரிய குழுவில் இது கசக்கும், சின்னக் குழுவில்தான் ருசி. கடல் பூங்காவுக்குள் கையுறைக்கும் கத்திக்கும் தடை. டைவ் கத்தியைக் கப்பலிலேயே பாதுகாப்புச் சோதனையில் வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் அதை வீட்டிலேயே விட்டுவிடலாம். குளிர்காலத்தில் வடகாற்று வீசினால் துறைமுக அதிகாரி சிறு படகுகளுக்குத் தடை போடுவார். அன்று கப்பல் சுற்றுலாவும் இல்லை, தனிக் கடையும் இல்லை.

கிராண்ட் கேமனில் முடிவு கொஞ்சம் இழுபறி. பயணக் கப்பல் கட்டும் துறை கிடையாது, எல்லாரும் டெண்டரில்தான் கரைக்கு. நாலு கப்பல் ஒரே நாளில் நின்றால், தனியாகப் போகிறவர் டெண்டர் சீட்டுக்குக் காத்தே ஒரு மணி நேரம் போய்விடும். காற்று மேற்கிலிருந்து அடித்தால் ஜார்ஜ் டவுனுக்குப் பதில் தீவின் தென்பக்கம் ஸ்பாட்ஸில் இறக்குவார்கள். கடையிடம் சொன்ன சந்திப்பு இடமே மாறிவிடும். டைவ் இடமாக்குவதற்காக 2011-இல் மூழ்கடிக்கப்பட்ட கிட்டிவேக் கப்பலைப் பார்க்கப் படகு வேண்டுமென்றால், குறுகிய நேரம் நிற்கும் கப்பலில் வருகிறவர் கப்பலின் சுற்றுலாவைப் பிடிப்பது புத்திசாலித்தனம். இங்கே மூன்றாவது வழி ஒன்றும் உண்டு: டெண்டர் துறையிலிருந்து நடந்தே போய், ஈடன் ராக்கில் கரையிலிருந்தே இறங்குவது. படகு நேரம் பற்றிய கவலை இல்லை. வந்த நேரத்துக்கு ஒரு சிலிண்டர், பவளக் குகை வழிகள், திரும்பிவிடலாம்.

பொனேரில் கரையிலிருந்து இறங்குவதுதான் அந்தத் தீவின் பெருமையே. கப்பல் ஊரோடு ஒட்டிக் கட்டும்; இறங்கும் இடங்களைச் சாலையோர மஞ்சள் கற்கள் காட்டும். தனிக் கடையின் வாசலுக்கு எதிரிலேயே இருக்கும் பவளப்பாறையில் இரண்டு சிலிண்டர் போட்டால் போதும், படகு தேவையே இல்லை. ஆனால் கடல் பூங்காவில் இறங்கும் முன் இயற்கைக் கட்டணம் செலுத்தி, விதிகள் கேட்டு, தண்ணீருக்குள் மிதப்புக் கட்டுப்பாட்டைச் சோதிக்கும் ஒரு டைவ் போட வேண்டும். கட்டணத்தை இணையத்தில் முன்கூட்டியே கட்டிவிட்டால் காலையில் வரிசை மிச்சம். கையுறைக்கு இங்கும் தடை. வண்டி எடுத்துத் தெற்கே ஹில்மா ஹூக்கர் சிதைவுக்கும் போகலாம், 1984-இல் மூழ்கியது. ஆனால் அது கிடப்பது 30 மீட்டர் ஆழத்தில். 18 மீட்டர் வரைதான் பயிற்சி பெற்ற, ஓப்பன் வாட்டர் என்ற முதல்நிலைச் சான்றிதழ்காரருக்கு முழுதாகக் கிடைக்காது.

பெலீஸ் சிட்டியில் கப்பலிடமே வாங்கிவிடுங்கள். கப்பல் கரையிலிருந்து வெகு தூரத்தில் நங்கூரமிடும், டெண்டருக்கே இருபது நிமிடத்துக்கு மேல். கடலுக்குள் இருக்கும் புகழ்பெற்ற வட்டப் பள்ளமான "நீலக்குழி (புளூ ஹோல்) பார்க்கலாமா" என்ற ஆசையையும் விட்டுவிடலாம். படகில் ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல், பார்க்க வேண்டிய ஊசிப்பாறைகள் தொங்குவது 40 மீட்டர் பக்கத்தில்.

ரோவாத்தானில் தனிக் கடை, கடிகாரத்தில் மட்டும் கவனம். கிராண்ட் டர்க்கிலும் தனிக் கடை. பாறைச்சுவர் கரையிலிருந்து சில நிமிடப் படகுத் தூரம்தான், தாமதத்துக்கு இடமே குறைவு. கப்பல் நிறுவனங்களின் சொந்தத் தீவுகளில் தேர்வு என்ற பேச்சே இல்லை. வெளிக் கடை உள்ளே வர முடியாது.

எந்த வழியானாலும்

டைவ் கடை கேட்கும் மருத்துவப் படிவத்தைக் கிளம்பும் முன்பே இறக்கி நிரப்பிப் பாருங்கள். சில கேள்விகளுக்கு "ஆம்" என்றால் மருத்துவர் கையெழுத்து கட்டாயம். ஆஸ்துமா, வலிப்பு மட்டுமல்ல, 45 வயதைத் தாண்டியவருக்கு உயர் ரத்த அழுத்தமும் அந்தக் கணக்கில் வரும். படகுத்துறையில் "ஆம்" எழுதியவர் கரையிலேயே உட்கார வேண்டியதுதான், பணமும் திரும்பாமல் போகலாம். கப்பல் மருத்துவர் கையெழுத்துப் போடுவார் என்று நம்பி வர வேண்டாம்.

புதுச்சேரியிலோ அந்தமானிலோ திருகோணமலையிலோ கற்றவர் சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைப் பார் என்ற அலகில் படித்துப் பழகியிருப்பார். கரீபியனில் வாடகை அளவி பி.எஸ்.ஐ. என்ற அமெரிக்க அலகில் இருக்கும்: நிறைந்த அலுமினிய 80 சிலிண்டர் 3000, அதாவது சுமார் 207 பார், 700 என்றால் 48, படகில் ஏறும்போது இருக்க வேண்டிய 500 என்றால் 35. எடைக்கட்டி பவுண்டில், கிலோவை 2.2 ஆல் பெருக்கிச் சொல்லுங்கள். சிலிண்டர் வால்வு பெரும்பாலும் யோக் வகை (கவ்விப் பிடிப்பது), திருகிப் பொருத்தும் டின் வகை ரெகுலேட்டர் வைத்திருப்பவர் அடாப்டர் கொண்டுவர வேண்டும். பயணப் பையில் இடமில்லை என்றால் முகமூடியையும் கம்ப்யூட்டரையும் மட்டுமாவது சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். கசியும் வாடகை முகமூடியோடு மல்லுக்கட்டுவதில் பாதி டைவ் போய்விடும். சான்றிதழ் அட்டையின் படத்தைக் கைபேசியில் சேமித்துவிடுங்கள், இறங்குதுறையில் இணையத்தை நம்ப முடியாது.

டைவ் முடிந்த மதியம் மலைப்பாதைச் சுற்றுலா வாங்காதீர்கள். டைவுக்குப் பின் உயரம் ஏறினால், உடலில் கரைந்திருக்கும் வாயு குமிழியாகி நோய் தரலாம்; 300 மீட்டருக்கு மேல் ஏறினாலே அந்தக் கணக்கில் அது உயரம்தான். டொமினிக்கா போன்ற மலைத் தீவில் சாலையிலேயே அதைத் தாண்டிவிடலாம். மலையைக் காலையிலும் டைவை அன்று மதியமும் வைத்துக்கொண்டால் அந்தச் சிக்கல் இல்லை. வீடு திரும்பும் விமானத்துக்கும் இதே கணக்கு. ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ்கள் என்றால் 18 மணி நேரம் குறைந்தபட்ச இடைவெளி என்கிறது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பு. கடைசி நாள் முழுக்கக் கடலில் கழியும் பயணத்தில் இது தானாகக் கிடைத்துவிடும். கடைசித் துறைமுகம் கப்பல் திரும்புவதற்கு முந்தைய நாளே வருகிற குறும்பயணங்களில், மாலை நாலு மணிக்கு முடியும் டைவுக்கும் மறுநாள் காலை பத்து மணி விமானத்துக்கும் இடையே சரியாக 18 மணி நேரம்தான். அங்கே காலைப் படகு மட்டும், அல்லது விமானச் சீட்டை மதியத்துக்கு மாற்றுவது.

பொதுவான பயணக் காப்பீட்டில் ஸ்கூபா விலக்கப்பட்டிருக்கலாம். ஆழ வரம்பும் இருக்கலாம். கோசுமெல், கிராண்ட் கேமன், பொனேர், ரோவாத்தான் நான்கிலும் அந்தக் குமிழி நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை இருக்கிறது. கப்பலில் கிடையாது. அதனால் டைவ் முடிந்த பிறகு தோளில் வலியோ விரலில் மரமரப்போ தெரிந்தால், "ராத்திரி தூங்கினால் சரியாகிவிடும்" என்று கப்பலேறக் கூடாது. கப்பல் கிளம்பும் முன்பே கடைக்காரரிடமும் கப்பல் மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும்.