டர்ன்டேபிளுக்கு அடியில் எதை வைப்பது: ஸ்பைக், கல், ரப்பர், ஸ்பிரிங், சைக்கிள் டியூப், சுவர்ப் பலகை

இசைத்தட்டில் ஊசி ஓடும் பள்ளம் சுமார் 50 மைக்ரான் அகலம்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). தம்புராவின் சுருதி, கடைசி அடி முடிந்தபின் அடங்கும் கார்வை போன்ற மெல்லிய ஒலிகள் அந்தப் பள்ளத்தில் ஒரு மைக்ரானுக்கும் குறைவான நெளிவாகப் பதிந்திருக்கும். தனக்கும் தட்டுக்கும் இடையே உண்டாகும் அசைவு மட்டுமே ஊசிக்குத் தெரியும். அது பாட்டிலிருந்து வந்ததா, கூடத்தில் யாரோ நடந்ததில் வந்ததா என்று பிரித்தறிய அதற்கு வழியில்லை. இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளுக்கு அடியில் எதை வைப்பது என்று கவலைப்பட இந்த ஒரு காரணம் போதும்.

எதையும் வாங்குமுன் அதிர்வு எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். ஓடாத தட்டின்மேல் ஊசியை இறக்கி வைத்து, சத்தத்தை மிதமாக ஏற்றிவிட்டு, பக்கத்தில் சாதாரணமாக நடந்து பாருங்கள். ஸ்பீக்கரில் 'தும் தும்' என்று கேட்டாலோ, ஊஃபரின் (பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) காகிதக் கூம்பு உள்ளும் வெளியும் போய்வந்தாலோ, தரை வழியாக வருகிறது என்று பொருள். அடுத்த சோதனைக்கு ஃபோனோ ப்ரீஆம்பின் (ஊசியிலிருந்து வரும் மெல்லிய மின்னலையைப் பெருக்கும் கருவி) வெளியீட்டை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிக் கணினியில் பதிவு செய்யுங்கள். ஊசி நின்ற தட்டின்மேலேயே இருக்கட்டும். கைப்பேசியிலிருந்து பேஸ் நிறைந்த ஒரு பாட்டை ஸ்பீக்கரில் ஓடவிடுங்கள். பதிவில் அந்தப் பாட்டு எவ்வளவு தெளிவாகக் கேட்கிறதோ, அவ்வளவு ஒலி காற்று வழியாகவும் மேசை வழியாகவும் ஊசிக்குள் நுழைகிறது.

பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டு மாடியில் தேக்கு உத்திரங்களின் மேல் நிற்கும் தளம் காலடிக்கு அசையும். அங்கே முதல் எதிரி தரை. கான்கிரீட் தளம் போட்ட வீட்டில் தரை பெரும்பாலும் அமைதியாக இருக்கும், தொல்லை ஸ்பீக்கரிலிருந்தே வரும். இந்த வித்தியாசம் தெரியாமல் வாங்குவது மருத்துவர் சொல்லாமல் மருந்து வாங்குவதைப் போன்றது.

இனி ஒரே ஒரு கணக்கு. மென்மையான தாங்கி எதுவானாலும், பாரம் ஏற்றியதும் எத்தனை மில்லிமீட்டர் அமிழ்கிறது என்று அளந்து, 16-ஐ அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால், அந்த அமைப்பின் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது, ஏறத்தாழ ஹெர்ட்ஸில் கிடைக்கும். 1 மி.மீ. அமிழ்ந்தால் 16 ஹெர்ட்ஸ். 4 மி.மீ. என்றால் 8. 16 மி.மீ. என்றால் 4. வரும் அதிர்வின் அதிர்வெண் இதைப்போல் 1.4 மடங்குக்கு மேல் போனால்தான் தாங்கி அதைத் தடுக்கத் தொடங்கும். இயல்பு அதிர்வெண்ணை ஒட்டிய இடத்தில் அது அதிர்வைப் பெருக்கிவிடும். டோன்ஆர்மும் (ஊசியைத் தாங்கும் கை) கார்ட்ரிட்ஜும் (அதன் நுனியில் ஊசி பொருத்திய பகுதி) சேர்ந்து தாமே 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் ஆடும்படிதான் அமைக்கப்படுகின்றன. தாங்கியும் அதே இடத்தில் ஆடினால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். கடைகளில் கிடைக்கும் பல மென்மையான கால்கள் சரியாக அந்த இடத்தில்தான் விழுகின்றன என்பதுதான் என் முக்கியமான குறை.

ஸ்பைக்கிலிருந்து தொடங்கலாம். கூர்முனைக் கால் அதிர்வைத் தடுக்காது, பொருளைத் தரையோடு இறுக்கிப் பிணைக்கும். கம்பளம் விரித்த வீட்டில் ஸ்பீக்கர் ஸ்டாண்ட் ஆடாமல் நிற்க அது நல்ல வழி. மொசைக், டைல்ஸ் போட்ட நம் வீடுகளில் தரையைக் கீறும். அதிர்வு ஒரு பக்கமாக மட்டுமே போகும் என்ற விளம்பர வாக்கியத்துக்கு இயற்பியலில் இடமில்லை. டர்ன்டேபிளுக்கு ஸ்பைக் வேண்டாம்.

கிரானைட், கடப்பா கல் நமக்கு எளிதில் கிடைப்பவை. சமையல் மேடைக்கு அறுத்ததில் மிஞ்சிய துண்டு போதும். ஆனால் கல்லைத் தனியாக வைத்தால் பெரிய பலன் இல்லை. விரலால் சுண்டினால் கிரானைட் மணிபோல் ஒலிக்கும், அந்த ஒலி நடுச்சுருதிப் பகுதியில் கலக்கும். அடியில் பழைய யோகா பாயைத் துண்டாக வெட்டிப் போட்டால் அது அடங்கிவிடும். கல்லின் மதிப்பு அதன் எடையில் இருக்கிறது. 50 செ.மீ.க்கு 40 செ.மீ., 20 மி.மீ. தடிமன் உள்ள கிரானைட் ஏறத்தாழ 11 கிலோ. இதை ஸ்பிரிங்குக்கு மேல் வைத்தால்தான் கல் வேலை செய்யும்.

சார்போத்தேன் போன்ற மென்ரப்பர் கால்கள் மேற்சொன்ன கணக்கில் மாட்டிக்கொள்பவை. நிலையான பாரத்தில் அமிழ்வதைவிட, அசையும்போது ரப்பர் விறைப்பாக நடந்துகொள்ளும். அதனால் உண்மையான அதிர்வெண் கணக்கைவிட மேலே போய் நிற்கும். அதிர்வை விரைவில் அடக்கும் குணம் அதற்கு நிறைய உண்டு, அது உண்மையான சிறப்பு. மேசையின் கிணுகிணுப்பு, டிரான்ஸ்ஃபார்மரின் உறுமல் இவற்றுக்குப் பயன்படும். காலடிச் சத்தத்துக்குப் போதாது. எடைக்கேற்ற கடினத்தில் வாங்க வேண்டும். பாரம் அதிகமானால் பிதுங்கி நிற்கும், குறைந்தால் கட்டைபோல் இருக்கும். வார்னிஷ் அடித்த மரத்தில் கறை விடக்கூடும் என்பதால் நடுவே ஒரு மெல்லிய தகடு வைப்பது நல்லது.

ஸ்பிரிங்தான் கணக்கு சரியாக வரும் வழி. டர்ன்டேபிள் 10 கிலோ, கல் 11 கிலோ என்றால் நான்கு ஸ்பிரிங்குகளில் ஒவ்வொன்றுக்கும் ஐந்து கிலோ சொச்சம். அந்தப் பாரத்தில் 15 மி.மீ. அமிழும் ஸ்பிரிங்கைத் தேடினால் 4 ஹெர்ட்ஸ் கிடைக்கும், டோன்ஆர்மின் எல்லைக்கு வெகு கீழே. தொல்லைகளும் உண்டு. ஸ்பிரிங் நெடுநேரம் ஆடும், பக்கவாட்டிலும் ஆடும். மோட்டார் உள்ள பக்கம் கனமாக இருந்தால் சாய்ந்துவிடும், ரசமட்டம் வைத்து ஸ்பிரிங்குகளை நகர்த்தி நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். ஸ்பிரிங்கின் உள்ளே கொஞ்சம் பஞ்சு அடைத்தால் ஆட்டம் சீக்கிரம் நிற்கும். ஒரு எச்சரிக்கை: 1961-இல் அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் தம் ஏ.ஆர். நிறுவனத்தின் டர்ன்டேபிளில் கொண்டுவந்த ஸ்பிரிங் தொங்கலும் (தட்டையும் டோன்ஆர்மையும் உள்ளேயே ஸ்பிரிங்கில் நிறுத்தும் அமைப்பு), 1972-இல் வந்த லின் நிறுவனத்தின் எல்.பி.12 டர்ன்டேபிளின் தொங்கலும் ஏற்கெனவே உள்ளே இந்த வேலையைச் செய்கின்றன. அவற்றுக்கு அடியில் இன்னொரு ஸ்பிரிங் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று ஆட்டும். அவற்றுக்கு உறுதியான, எடை குறைந்த மேசை போதும்.

சைக்கிள் டியூப்மேல் எனக்குத் தனிப் பிரியம். சிறுவர் சைக்கிளின் 16 அங்குல டியூபை அரைகுறையாகக் காற்றடித்து, அதன்மேல் அந்தக் கிரானைட்டை வைத்து, மேலே டர்ன்டேபிள். கல் எங்கும் தரையைத் தொடாத அளவுக்கு மட்டும் காற்று. கல்லை லேசாக அழுத்தி விட்டு, கைப்பேசியில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்து, நொடிக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணினால் அதுவே இயல்பு அதிர்வெண். என் அமைப்பில் நான்குக்குக் கீழே வந்தது. சில நூறு ரூபாயில் இதற்கு நிகராக நான் எதையும் பார்த்ததில்லை. காற்று இறங்கிக்கொண்டே இருக்கும், வாரம் ஒருமுறை மட்டம் பார்க்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் ஸ்பிரிங்குக்குப் போவது நல்லது.

அசையும் மாடித் தளத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது சுவர்ப் பலகைதான். தரையை அடியோடு விட்டு விலகுவதால், எந்த மென்மையான தாங்கியாலும் தடுக்க முடியாத இரண்டு ஹெர்ட்ஸ் காலடிகூட அதை எட்டுவது அரிது. எடை குறைந்த, விறைப்பான உடலை நம்பும் ரேகா நிறுவனம் தன் டர்ன்டேபிள்களுக்கென்றே சுவர்த் தாங்கி விற்கிறது. செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் நன்றாகப் பிடிக்கும். இலேசான ஏ.ஏ.சி. பிளாக் சுவர் என்றால் அதற்கென்ற ஆங்கர் வேண்டும், இல்லையேல் பலகையோடு எல்லாம் கீழே. அறையின் மூலையில் மட்டும் மாட்டாதீர்கள். பேஸ் அழுத்தம் அங்கேதான் உச்சம்.

மற்ற கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. சி.டி. பிளேயருக்கு விலையுயர்ந்த மேடை தேவையில்லை, பிழைதிருத்தும் முறை தட்டிலேயே உண்டு. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர், டாக் (டிஜிட்டல் பதிவை ஒலிக்கான மின்னலையாக மாற்றும் கருவி) இவற்றுக்கும் தேவையில்லை. கண்ணாடிக் குழல்களில் இயங்கும் வால்வு ஆம்ப்ளிஃபயர் என்றால் ஈ.சி.சி.83 போன்ற முன்வரிசை வால்வைப் பென்சிலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஸ்பீக்கரில் 'டிங்' என்று கேட்டால் மேடைக்குச் செலவழிக்கும் பணத்தில் வேறொரு வால்வை வாங்குங்கள்.

கான்கிரீட் வீட்டுக்கு டியூபும் கல்லும், அசையும் தளத்துக்குச் சுவர்ப் பலகை. இரண்டிலும் ஸ்பீக்கரை டர்ன்டேபிள் இருக்கும் மேசையிலிருந்து இறக்கித் தனி ஸ்டாண்டில் வைத்த பிறகுதான் மற்றதெல்லாம். பாதிக் குறை அதிலேயே போய்விடும், பெரிதாகக் காசும் ஆகாது.