ஒரே ஊர், ஒரே டிக்: சவால் ஆட்டக்காரருக்கு சிவிலைசேஷன் 5 தேறுமா?

சிவிலைசேஷன் என்பது டர்ன் எனப்படும் முறை வைத்து நாட்டைக் கட்டி ஆளும் கணினி விளையாட்டுத் தொடர். அதன் இரண்டாம் பாகம் வந்த காலத்திலேயே ஆட்டக்காரர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு இது: கடைசி வரை ஒரே நகரம், அதை வைத்தே விண்கலம் விட்டு ஜெயிக்க வேண்டும். ஃபிராக்சிஸ் நிறுவனம் பிறகு இதை விளையாட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. 2010இல் வெளியான சிவிலைசேஷன் 5இல் அட்வான்ஸ்டு செட்டப் திரையைத் திறந்தால் ‘ஒன் சிட்டி சேலஞ்ச்’ என்று ஒரு கட்டம் இருக்கும். டிக் அடித்துவிட்டால் மனித ஆட்டக்காரரால் இரண்டாவது ஊர் நிறுவ முடியாது. கணினி இயக்கும் நாடுகளுக்கு அந்தத் தடை கிடையாது. அவை இஷ்டத்துக்குப் பரவும்.

இந்த ஒரு கட்டத்துக்காக இவ்வளவு பழைய விளையாட்டை இன்று வாங்கலாமா என்பதுதான் கேள்வி. வாங்கலாம். ஆனால் ‘காட்ஸ் அண்ட் கிங்ஸ்’ (2012), ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ (2013) என்ற இரண்டு விரிவாக்கங்களும் சேர்ந்த கம்ப்ளீட் எடிஷனாக மட்டும் வாங்குங்கள். கீழே சொல்லப்போகிற கணக்கில் பெரும்பகுதி இரண்டாவது விரிவாக்கத்தின் விதிகளை நம்பியே நிற்கிறது. ஸ்டீம் தள்ளுபடிக் காலங்களில் விலை நன்றாக இறங்கும், அவசரப்பட வேண்டாம்.

பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும். உண்மையில் நடுத்தரக் கடின நிலைகளில் இது அவ்வளவு பெரிய தண்டனை இல்லை, ஏனென்றால் ஊர் கூடக்கூட அபராதம் போடுகிற விளையாட்டு இது. ஸ்டாண்டர்ட் அளவு மேப்பில் ஒவ்வொரு கூடுதல் நகரமும் எல்லாத் தொழில்நுட்பத்தின் விலையையும் 5 சதவீதம் ஏற்றுகிறது, பாலிசி, அதாவது கலாச்சாரப் புள்ளியால் வாங்கும் நிரந்தரச் சலுகை, அதன் விலையை 10 சதவீதம் ஏற்றுகிறது. நான்கு ஊர் வைத்திருப்பவர் அறிவியலுக்கு 15 சதவீதமும் பாலிசிக்கு 30 சதவீதமும் அதிகம் கட்டுகிறார். நீங்கள் எதுவும் கட்டுவதில்லை. நாட்டுக்கு ஒன்றே கட்டக்கூடிய சிறப்புக் கட்டடங்களான தேசிய வொண்டர்களுக்கும் இதே சலுகைதான். நேஷனல் காலேஜ் கட்ட எல்லா ஊரிலும் நூலகம் வேண்டும் என்பது விதி. உங்களுக்கு ‘எல்லா ஊரும்’ என்றால் ஒரே ஒரு நூலகம். ஃபிலாசஃபி ஆராய்ச்சி முடிந்த கையோடு தொடங்கலாம். +3 அறிவியல், அதற்கு மேல் அந்த ஊரின் அறிவியலில் 50 சதவீதம். மொத்த நாடே அந்த ஊர்தான் என்பதால் அந்த 50 சதவீதம் நாடு முழுவதற்கும் கிடைத்த மாதிரி. ஆக்ஸ்ஃபோர்டு, அயர்ன்வொர்க்ஸ், சர்க்கஸ் மேக்சிமஸ், ஹெர்மிடேஜ் எல்லாவற்றுக்கும் இதே கதை.

பாலிசியில் யோசிக்க ஒன்றுமில்லை, டிரெடிஷன் என்ற கிளைதான். அதிலும் மோனார்க்கியை முடிந்தவரை சீக்கிரம் எடுக்க வேண்டும். தலைநகரின் ஒவ்வொரு இரண்டு குடிமக்களுக்கும் 1 தங்கம் தரும், 1 அதிருப்தியைக் குறைக்கும். 30 பேர் உள்ள ஊரைக் கணக்குப் போடுங்கள்: ஊருக்கு 3, ஆளுக்கு 1 என்று மொத்தம் 33 அதிருப்தி. மோனார்க்கி வந்தால் 15 கழிந்து 18 ஆகிவிடும், கூடவே டர்னுக்கு 15 தங்கம். லேண்டட் எலீட் தலைநகருக்கு 2 உணவும் 10 சதவீத வளர்ச்சியும் தருகிறது. கிளையை முழுசாக முடித்தால் வளர்ச்சியில் இன்னொரு 15 சதவீதமும் இலவசமாக அக்விடக்டும் கிடைக்கும். லிபர்ட்டி கிளைப் பக்கம் போய்விடாதீர்கள். ஊர் நிறுவும் ஆளான செட்லர் அங்கே இலவசமாகவும் மலிவாகவும் வரும்; அது உங்களுக்கு எதற்கு?

இடம் தேர்வில்தான் பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது. ஓர் ஊர் மேப்பில் மூன்று கட்ட தூரம் வரையில், அதாவது சுற்றியுள்ள 36 நிலக் கட்டங்களில் வேலை செய்ய முடியும். அந்த 36 தான் உங்கள் நாடு. முதலில் பார்க்க வேண்டியது ஆறு: தோட்டம், வாட்டர் மில், பிறகு ஹைட்ரோ பிளான்ட் எல்லாம் அதை ஒட்டி வருகின்றன. சிவில் சர்வீஸ் கிடைத்ததும் நன்னீர் ஓரப் பண்ணைகளுக்கு 1 உணவு கூடும். அடுத்தது மலை. ஊர் மலைக்கு நேர் அடுத்த கட்டத்தில் இருந்தால் அப்சர்வேட்டரி, அது அறிவியலில் 50 சதவீதம். கடல் இருந்தால் சரக்குக் கப்பல்; அதன் வருமானம் தரைவழி வண்டியைவிட ஏறத்தாழ இரு மடங்கு. மூன்றும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம். ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றால் கடலை விடலாம், மலையை விடக் கூடாது. குன்றின் மேல் ஊர் நிறுவினால் உற்பத்தியும் பாதுகாப்பும் கூடும், ஆனால் விண்ட்மில் கட்ட முடியாது என்பது பலருக்கும் தாமதமாகத்தான் உறைக்கிறது.

இங்கே ஒரு நேர்மைப் பிரச்சினை இருக்கிறது. மெனுவில் ‘ரீஸ்டார்ட்’ தட்டினால் புது மேப் வரும். ஆறு, மலை, கடல் மூன்றும் அமையும் வரை தட்டிக்கொண்டே இருந்தால் சவாலின் பாதி ஆரம்பத்திலேயே கரைந்துவிடும். மூன்று டர்னுக்குள் ஊர் நிறுவுவது, வந்த மேப்பை ஏற்பது என்று விதியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பழைய சேவுக்குத் திரும்ப விடாத அயர்ன்மேன் முறையும் விளையாட்டில் இல்லை. எப்போது வேண்டுமானாலும் பழைய சேவுக்குத் திரும்பலாம். ‘நியூ ரேண்டம் சீட்’ கட்டத்தை டிக் அடிக்காமல் விட்டால், திரும்பிப் போய் அதே காரியத்தைச் செய்தால் அதே விளைவுதான் வரும். ஏமாற்ற நினைக்கும் கைக்கு அது சின்னக் கடிவாளம். அவ்வளவுதான், பூட்டு என்று சொல்ல முடியாது. சவால் ஆட்டத்தை ஒரு வசதியாக வைத்து விற்கிற விளையாட்டில் இதைப் பெரிய குறையாகத்தான் பார்க்க வேண்டும்.

மேப் வகையில், எல்லா நாடும் ஒரே பெருங்கண்டத்தில் இருக்கும் பாஞ்சியாவே சரி. கண்டங்கள் தனித்தனியாக உள்ள மேப்பில் துணைக்கு ஆளில்லாத தீவில் மாட்டினால் வணிகம் படுத்துவிடும். அதன் காரணத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வழக்கமாக நான்கு ஊர் வைத்து ஆடிப் பழகியவர்கள் முதலில் அடிவாங்குவது இங்கேதான். அவர்களின் தலைநகர் பெரிதாவதற்குக் காரணமே மற்ற மூன்று ஊர்களிலிருந்து வரும் உணவு வண்டிகள். உங்களிடம் அனுப்ப இன்னொரு ஊர் இல்லை. ஆகவே எல்லா வணிகப் பாதையும் வெளிநாட்டுக்கு, வருவது தங்கமும் அறிவியலும் மட்டும். உணவு முழுக்க உங்கள் நிலத்திலிருந்தே வர வேண்டும். அதனால் முதல் வொர்க்கர் வந்ததும் பண்ணைதான் முதல் வேலை, சுரங்கம் இரண்டாவது. டிரெடிஷன் எடுத்திருப்பதால் ஹேங்கிங் கார்டன்ஸ் என்ற உலக வொண்டரைக் கட்டும் உரிமை உண்டு. அது தரும் 6 உணவு ஒற்றை ஊருக்குப் பெரிய வரம். ஒரு ஆறுதல்: எதிரிகள் உங்களைவிட முன்னேறியிருக்கும் ஆரம்பக் காலத்தில் அவர்கள் ஊருக்கு வண்டி அனுப்பினால், அவர்களுக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாத தொழில்நுட்பங்களுக்கு ஏற்ப அறிவியல் கிடைக்கும்.

நிபுணர்களை, அதாவது வயலுக்குப் போகாமல் கட்டடங்களில் வேலை செய்யும் குடிமக்களை, ஒருபோதும் கணினியிடம் விடாதீர்கள். ஊர்த் திரையில் ‘மேனுவல் ஸ்பெஷலிஸ்ட் கன்ட்ரோல்’ டிக் அடித்துவிடுங்கள். பல்கலைக்கழகத்தில் 2, பள்ளியில் 1, ஆய்வகத்தில் 1 என்று விஞ்ஞானி இடங்கள் திறந்த அன்றே நிரப்ப வேண்டும். வணிகர் இடங்களைக் காலியாக விடுங்கள். இந்த இடங்களில் ஆள் இருந்தால் புள்ளி சேர்ந்து அவ்வப்போது ஒரு பெரும் ஆள் (கிரேட் பர்சன்) பிறப்பார். விஞ்ஞானி, பொறியாளர், வணிகர் மூவருக்கும் அந்தப் பிறப்புக் கணக்கு பொது. ஒரு வணிகர் பிறந்தால் அடுத்த விஞ்ஞானியின் விலை ஏறும். எழுத்தாளர், ஓவியர், இசைஞர் கணக்குகள் தனி. ஆனால் அவர்களுக்கான கட்டடங்களான மூன்று கில்டுகளையும் வேறு ஊர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வழியில்லை. மூன்றும் இதே ஊரில்தான். கில்டுக்கு 2 பேர், ஆளுக்கு 2 உணவு, ஆக 12 உணவு வயலில் இறங்காத ஆட்களுக்குப் போகிறது. எழுத்தாளர் கில்டை மட்டும் முதலில் கட்டி, மற்ற இரண்டையும் மக்கள்தொகை 20ஐத் தாண்டும்வரை தள்ளிப்போடுவது நடைமுறைக்கு ஒத்துவருகிறது. பிற்காலத்தில், கீழே வரும் ஃப்ரீடம் கொள்கையின் சிவில் சொசைட்டி என்ற சலுகை நிபுணர்களின் சாப்பாட்டைப் பாதியாக்கும். அப்போது இந்தச் சுமை இறங்கும்.

இப்படிப் பிறக்கும் முதல் மூன்று பெரும் விஞ்ஞானிகளை நிலக் கட்டத்தில் அகாடமியாக நட்டுவிடுங்கள். ஒவ்வொன்றும் 8 அறிவியலில் தொடங்கும், பிறகு கூடிக்கொண்டே போகும்.

இனி அந்த ‘ஒன் சிட்டி சேலஞ்ச்’ டிக் சொல்லாமல் விடுகிற தொல்லைகள். கொள்கைப் பிரிவு, அதாவது ஃப்ரீடம், ஆர்டர், ஆட்டோக்ரசி, திறக்க மூன்று தொழிற்சாலை வேண்டும் அல்லது மாடர்ன் காலத்துக்குள் நுழைய வேண்டும். உங்களிடம் ஒரு தொழிற்சாலைக்கு மேல் வராது. முதல் வழி அடைபட்டது. எலக்ட்ரிசிட்டி முடித்து நேராக மாடர்ன் காலத் தொழில்நுட்பமான ரேடியோவுக்கு ஓடுவதுதான் மிச்சமுள்ள வழி. இது ஏன் முக்கியம் என்றால், ஒரு கொள்கையை முதலில் எடுப்பவருக்கு இரண்டு இலவசத் தத்துவம் (கொள்கைக்குள் எடுக்கும் சலுகை), இரண்டாமவருக்கு ஒன்று. பரந்து கிடக்கும் எதிரி மூன்று தொழிற்சாலையைக் கட்டி அதை அள்ளிக்கொண்டு போய்விடுவான்.

உளவாளிகள் அடுத்த தலைவலி. உங்கள் அறிவியல் முழுவதும் ஒரே ஊரில் குவிந்திருக்கிறது, ஆகவே திருட வருகிற எல்லா உளவாளிக்கும் முகவரி அதுவே. கையில் வரும் முதல் உளவாளியை வெளியே அனுப்பாமல் சொந்த ஊரிலேயே காவலுக்கு வைக்க வேண்டும். கான்ஸ்டபுலரி, பிறகு போலீஸ் ஸ்டேஷன். அதன்பின் நேஷனல் இன்டெலிஜென்ஸ் ஏஜென்சிக்கு உங்களுக்குத் தேவை ஒரே போலீஸ் ஸ்டேஷன்தான்.

கனிமம்தான் கழுத்தை அறுக்கும். தொழிற்சாலைக்கு ஒரு நிலக்கரி. விண்கலத்துக்கு மூன்று பூஸ்டர், ஒரு காக்பிட், ஒரு எஞ்சின், ஒரு ஸ்டேசிஸ் சேம்பர், ஆக ஆறு பாகம். பாகத்துக்கு ஓர் அலுமினியம். ஸ்பேஸ்ஷிப் ஃபேக்டரிக்கு இன்னொன்று. ஹைட்ரோ பிளான்ட் கட்டியிருந்தால் அதுவும் ஒன்றைத் தின்றிருக்கும். 36 கட்டத்துக்குள் அலுமினியம் இல்லாமல் போவது வெகு சாதாரணம். எலக்ட்ரிசிட்டி ஆராயும்வரை அது கண்ணிலேயே படாது என்பதால் முன்னேற்பாடும் முடியாது. ரீசைக்கிளிங் சென்டர் 2 தரும், உங்களால் ஒன்றுதான் கட்ட முடியும். மிச்சத்துக்கு நகர அரசுகள், அதாவது கணினி இயக்கும் ஓரூர்ச் சிறு நாடுகள்தான் கதி. 60 செல்வாக்கு எட்டி, வேறு யாருக்கும் அதைவிட அதிகம் இல்லாமல் இருந்தால் கூட்டாளி. அவர்கள் வசமுள்ள கனிமம் உங்களுக்கு வந்துவிடும். எலக்ட்ரிசிட்டி முடிந்த டர்னிலேயே மேப் முழுவதும் அலுமினியம் எங்கே என்று பார்த்து, அதை வைத்திருக்கும் நகர அரசை அப்போதே வளைத்துப்போட வேண்டும். கடைசி நேரத்தில் 1000 தங்கத்தோடு போய் நின்றால், பக்கத்து வல்லரசு அதே நகர அரசைப் பல காலமாகத் தன் மடியில் வைத்திருக்கும்.

உற்பத்தியும் ஒரே ஊரில்தான். ஆறு பாகத்தையும் வரிசையாகக் கட்டுவது மெதுவான வேலை. ஃப்ரீடமில் மூன்றாம் நிலைத் தத்துவமான ஸ்பேஸ் புரொக்யூர்மென்ட்ஸ் எடுத்தால் பாகங்களைத் தங்கம் கொடுத்தே வாங்கலாம். ஆனால் மூன்றாம் நிலைக்கு வர முதலில் மூன்று முதல் நிலையும் இரண்டு இரண்டாம் நிலையும் வேண்டும், ஆக ஆறாவது தத்துவமாகத்தான் இது கிடைக்கும். பாலிசிகளைக் கண்டபடி செலவழித்தவர்கள் இங்கே வந்து திண்டாடுவார்கள்.

தங்கம் நிறைய இருந்தால், வாக்கெடுப்பில் ஜெயிக்கும் ராஜதந்திர வெற்றிதான் இருப்பதில் சுலபம். எட்டு நாடும் பதினாறு நகர அரசும் உள்ள ஸ்டாண்டர்ட் மேப்பில் நகர அரசுகளின் வாக்கை வாங்க எத்தனை ஊர் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. சவாலுக்கு அது கொஞ்சம் சப்பென்று இருக்கும். சுற்றுலாப் புள்ளி சேர்த்து ஜெயிக்கும் கலாச்சார வெற்றி சுவாரஸ்யமானது: எல்லா வொண்டரும் ஒரே ஊரில் இருப்பதால் ஹோட்டல் அவற்றின் கலாச்சாரத்தில் 50 சதவீதத்தைச் சுற்றுலாவாக மாற்றும், விமான நிலையம் இன்னொரு 50. கலைப் படைப்புகளை வைக்க இடம்தான் போதாது. படையெடுத்து வெல்வதை இந்த மதிப்புரை கணக்கிலேயே எடுக்கவில்லை. ஓர் ஊரின் உற்பத்திக்கு அது தாங்காது.

தற்காப்பு தனிக் கதை. சின்ன நாட்டைக் கணினி எப்போதும் இளக்காரமாகத்தான் பார்க்கும், உங்கள் வொண்டர்கள் மேல் பொறாமையும் வேறு. ஊர் போனால் ஆட்டமே போயிற்று. சுவர், ஊருக்குள் ஒரு வில்லாளி, வெளியே இன்னும் மூன்று. டிரெடிஷனில் ஒலிகார்க்கி எடுத்தால் காவலில் நிற்கும் படைக்குப் பராமரிப்புச் செலவு இல்லை, ஊரின் தாக்குதலும் 50 சதவீதம் கூடும். F9 அழுத்தினால் வரும் பட்டியலில் படைபலத்தில் கடைசி இடத்துக்குப் போகாமல் பார்த்துக்கொண்டாலே பாதிப் போர் தவிர்ந்துவிடும்.

எந்தக் கடின நிலையில் ஆடுவது? பிரின்ஸில் தொடங்கலாம், பழகியவர்களுக்கு அதில் சவால் இல்லை. எம்பரர் வரை மேலே சொன்ன ஒழுங்கு போதும். இம்மார்ட்டலில்தான் வொண்டர் கைநழுவத் தொடங்கும். கிரேட் லைப்ரரியை அங்கே மறந்துவிடுங்கள். உச்ச நிலையான டீட்டியில் கணினி நாடுகள் இரண்டு செட்லரோடும் நான்கு தொழில்நுட்பத்தோடும் தொடங்குகின்றன.

நாட்டில் கொரியா முதல் தேர்வு: ஒவ்வொரு நிபுணருக்கும் 2 அறிவியல் கூடுதல். பாபிலோன் ரைட்டிங் முடித்ததும் ஒரு பெரும் விஞ்ஞானியைத் தருகிறது. இந்தியா இந்தச் சவாலுக்கென்றே வடிவமைத்தது போல இருக்கும்: ஊருக்கான அதிருப்தி இரட்டிப்பு, ஆளுக்கானது பாதி. 30 பேருக்கு 6ம் 15ம் சேர்த்து 21தான், மற்றவர்களுக்கு 33. இயல்பிலேயே இரண்டாவது ஊர் நிறுவ முடியாத வெனிஸ் தனி ரகம். டிக்கே இல்லாமல் அதை எடுத்து, நகர அரசுகளை விலைக்கு வாங்க மாட்டேன் என்று நீங்களாகவே விதி போட்டுக்கொண்டால் இரு மடங்கு வணிகப் பாதையோடு அதே ஆட்டம்.

சிவிலைசேஷன் 6 (2016) இருக்க இது எதற்கு என்று கேட்டால்: அதில் இந்தக் கட்டமே இல்லை, விதியை நீங்களே காக்க வேண்டும். கட்டடங்கள் அமையும் பகுதிகளான மாவட்டங்களின் எண்ணிக்கை அதில் ஊரின் மக்கள்தொகையோடு கட்டப்பட்டிருக்கிறது. 1, 4, 7, 10 என்று ஏறினால்தான் ஒவ்வொன்றாகக் கிடைக்கும். பரந்து ஆடுபவருக்கே சாதகமான அமைப்பு. சவால் கடினமாகிறது, ஆனால் ஐந்தில் உள்ள நேர்த்தி அதில் இல்லை.

பழைய லேப்டாப்பிலும் ஓடும். 200 டர்னுக்கு மேல் கணினி நாடுகள் நகர்த்தி முடிக்கக் காத்திருப்பதுதான் எரிச்சல். உங்கள் வேலை அரை நிமிடம், அவர்கள் வேலை அதைவிட நீளம். க்விக் காம்பட், க்விக் மூவ்மென்ட் இரண்டையும் போட்டு, F10 அழுத்தித் தட்டை மேப்புக்கு மாறிவிட்டால் ஓரளவு தேவலை. அப்போதும் சகிக்கவில்லை என்றால் நாடுகளின் எண்ணிக்கையை ஆறாகக் குறைத்து ஸ்மால் மேப்பில் ஆடுங்கள்.